வேலம்மா வீட்டுக்கு வந்த நோயாளி

பர்மாவில், தாகேதாவில் எங்கள் அடுத்த வீட்டுக்காரி வேலம்மா. இட்லிக் கடை வைத்திருந்தாள். அவளை நினைத்தால் இன்றும் முதலில் அந்தக் குரல்தான் காதில் விழுகிறது. அவள் ஒரு சத்தம் போட்டால் ஓடைக்கு அக்கரையில் போகிறவனும் நின்று திரும்பிப் பார்ப்பான். அந்தச் சத்தம் இல்லாத காலை எனக்கு இன்னும் பழகவில்லை.

1966-ல் அவள் வீட்டுக்குச் சபாபதி வந்து சேர்ந்தார். இன்சீன் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, உறவென்று இருந்த தம்பி குடும்பமும் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டது. வைத்தியம் முடிந்தும் போக இடமில்லாமல் கட்டிலிலேயே கிடந்தார். இப்படிப்பட்டவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் பணம் கொடுத்தது. ஆள் எழுந்து நடந்துவிட்டால் பணம் நின்றுவிடும். அப்புறம் டாலாவில் இருந்த ஆதரவற்றோர் விடுதிதான்.

வேலம்மா பணத்துக்காகத்தான் அவரை ஏற்றுக்கொண்டாள். அதை மறைக்கவும் இல்லை. "அரிசி விக்கிற விலைக்குப் புண்ணியமா பண்ண முடியும்?" என்று எங்களிடமே கேட்டாள்.

ஆனால் அவள் பார்த்துக்கொண்டதைப் போல் கூடப்பிறந்தவள் பார்த்திருக்கமாட்டாள். தினமும் எண்ணெய் தேய்த்து, திட்டித் திட்டியே நடக்க வைத்தாள். "அண்ணே, கால ஊனுங்க. ஒங்கள இடுப்புல தூக்கி வச்சிக்கவா?" அவர் சிரித்துவிடுவார். சிரித்தபடியே ஓர் அடி வைப்பார்.

சுவரைப் பிடிக்காமல் நடக்கத் தொடங்கியதும் மனிதருக்குக் கலக்கம் பிடித்துக்கொண்டது. நடந்தால் இந்த வீடு போய்விடுமே! பணம் கொடுக்கிற அலுவலகத்திலிருந்து அதிகாரி பார்க்க வந்தால் மட்டும் படுத்துக்கொள்வதென்று இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள்.

அதிகாரி ஊ தெய்ன் வந்த காலையில் நானும் அங்கே இருந்தேன். வேலம்மா பின்கட்டில் மாவாட்டிக்கொண்டிருந்தாள். அதிகாரி வாசலில் செருப்பைக் கழற்றினார், அவ்வளவுதான். வீட்டுக்கு ஒருவர் வந்து நிற்கிறாரே என்ற பதற்றத்தில், படுத்திருக்க வேண்டிய சபாபதி எழுந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல்வரை நடந்துபோய், "வாங்க, வாங்க, உக்காருங்க" என்று வரவேற்றார். நாற்காலியை வேறு துடைத்துப் போட்டார். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

ஊ தெய்ன் கோபப்படவில்லை. மாவுக்கையோடு ஓடிவந்த வேலம்மாவிடம், "நன்றாக நடக்கிறாரே. இனிமேல் பணம் கிடையாதம்மா. டாலாவுக்கு அனுப்பச் சொல்லட்டுமா?" என்று பர்மியத்தில் கேட்டார்.

சபாபதி நாற்காலியைப் பிடித்தபடி தலைகுனிந்து நின்றார். வேலம்மா அவரை முறைத்தாள்.

"எதுக்கு சயா?" என்று அந்த ஐயாவிடம் கேட்டாள், பாதி பர்மியமும் பாதி தமிழுமாக. "வந்தவங்கள வாங்கன்னு கூப்பிடுறது அந்த வீட்டு மனுசங்கதானே. அண்ணன் இங்கயே இருக்கட்டும்."

பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "கூப்பிட்டா மட்டும் போதுமா? டீ யாரு போடுவா?"

சபாபதி கண்ணைத் துடைத்துக்கொண்டே அடுப்படிக்கு நடந்தார்.