நாற்பத்திரண்டு தாள்கள்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளைப் பட்டாசு என்றுதான் கூப்பிடுவார்கள். மேற்பார்வையாளர் என்பதெல்லாம் சம்பளச் சீட்டோடு சரி. ஈரம் காயாத போர்வை ஒன்று மடிக்கிற மேஜைக்கு வந்துவிட்டால் போதும், எந்திர இரைச்சலையும் தாண்டி அவள் குரல் வாசல்வரை கேட்கும். அப்படிப்பட்டவள் ஞாயிறு காலையில் மட்டும் வாயை மூடிக்கொண்டு கிட்டாரை எடுப்பாள். அக்கா பாடுவாள், இவள் வாசிப்பாள். ஆறு வருடப் பழக்கம்.

கற்றுக்கொடுத்த மாஸ்டர் இவளைவிட இருபது வயது சின்னவர். பாட்டுக்கு ஒரு தாள் கொடுப்பார். தாள் முழுக்க எண்கள். எந்தக் கம்பி, கிட்டார் கழுத்தில் எந்தக் கட்டம் என்று எண் சொல்லும், விரல் அங்கே போகும். இப்படியே நாற்பத்திரண்டு பாட்டு. கேட்டவர்கள் கைதட்டினார்கள், இவளுக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது.

அப்புறம் அக்காவுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை. மூன்று மாதம் வாயே திறக்கக் கூடாது என்றார்கள். பாடலாம் என்று டாக்டர் சொன்ன முதல் ஞாயிறு, மேலே ஏறும் வரியில் அக்காவுக்குக் குரலே எழும்பவில்லை. வெறும் காற்றுதான் வந்தது.

"கொஞ்சம் இறக்கி வாசியேன்டி."

பட்டாசு தாளைப் பார்த்தாள். இறக்கு என்றால் எதை இறக்குவது? கிட்டாரின் கழுத்தில் மாட்டும் கிளிப் ஒன்று சுருதியை மாற்றும் என்று யாரோ சொன்ன ஞாபகம். ஓடிப்போய் வாங்கி வந்து மாட்டினாள். சுருதி இன்னும் ஏறித் தொலைத்தது. அக்கா இரண்டு வரி முயன்று, இருமி, தண்ணீர் குடித்தாள்.

"விடுடி. பாட்டு போனா போகுது. குரல்தான் போச்சே."

போனால் போகிறதா? பட்டாசுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே மாஸ்டர் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"அதுக்கென்ன மேடம், இறக்கின சுருதியில வேற தாள் எடுத்துத் தரேன்."

"நாளைக்கு அவ குரல் இன்னும் ஒரு படி இறங்கினா?"

"அதுக்கும் ஒரு தாள்."

"ஏன் தம்பி, இந்தக் கட்டத்துல எதுக்கு விரல் வைக்கிறேன்னு ஒரு நாளாவது சொன்னீங்களா?"

கோபம் வந்தால் மாஸ்டர் தம்பியாகிவிடுவார். தம்பி தலையைச் சொறிந்தார். "நீங்க பாட்டுதானே கேட்டீங்க? அதெல்லாம் சொன்னா பாதிப் பேர் ஓடிடுவாங்க மேடம்."

வழியெல்லாம் அவரைத் திட்டித் தீர்த்தாள். பாதி வழியில் திட்டு அவள் பக்கமே திரும்பியது. ஆறு வருடத்தில் ஒரு தடவை கேட்டிருக்கலாமே, வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

அன்றிலிருந்து தாளைத் தொடவில்லை. ஒரே கம்பியை எடுத்துக்கொண்டு, காதை மட்டும் நம்பிப் பாட்டைத் தேடினாள். தப்பு, தப்பு, மறுபடி தப்பு. கிட்டாரைச் சுவரில் அடிக்கலாமா என்று தோன்றிய நாட்கள் உண்டு. இரண்டு வாரம் கழித்து முதல் வரி கிடைத்தது. ஏழாம் கட்டத்தில் தொடங்கி, இரண்டு தாண்டி, ஒன்று பின்வாங்கி. அதையே நான்காம் கட்டத்தில் தொடங்கிப் பார்த்தாள். இரண்டு தாண்டல், ஒன்று பின்வாங்கல். அதே பாட்டு, கீழே! கட்டத்தின் எண் எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும், இடையில் தாண்டும் தூரம் மாறாமல் இருந்தால் பாட்டு பாட்டாகவே இருக்கிறது. இவ்வளவுதானா? இதைச் சொல்லவா தம்பிக்கு ஆறு வருடம் வாய் வரவில்லை? சந்தோஷத்தைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது.

ஞாயிறன்று தாள் இல்லாமல் உட்கார்ந்தாள். "நீ ஆரம்பி அக்கா. உனக்கு எங்க சுகமா இருக்கோ அங்க."

அக்கா தயங்கித் தயங்கித் தொடங்கினாள். பட்டாசு கம்பியில் அந்த இடத்தைத் தேடிப் பிடித்து, தட்டுத்தடுமாறிக் கூடவே போனாள். மேலே ஏறும் வரி வந்தது. அக்காவின் குரல் கரகரத்தது, ஆனால் உடையவில்லை. பாட்டு முடியும்வரை நின்றது.

"பார்த்தியா, வந்துச்சுல்ல! ஆபரேஷனுக்கு முன்னாடி மாதிரியே!"

"முன்னாடியும் எனக்கு அந்த உயரம் எட்டாதுடி," என்றாள் அக்கா. "ஆறு வருஷமா எம்பி எம்பித்தான் பாடினேன்."

"ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"எங்க சொல்றது? நீ தாளையே பார்த்துட்டிருந்த. என் முகத்தைப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

திட்டுவதற்கு இப்போது தன்னைத் தவிர வேறு யாரும் மிச்சமில்லை.