ஆறு காய்க்காகப் பதினாறு மைல்

1962ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசி ஞாயிறு. காலை ஏழு பத்துக்கு ஹட்டனில் பொகவந்தலாவை பஸ் ஏறினேன். பதினாறு மைல், டிக்கட் எண்பது சதம். சிவனொளிபாதமலைக்குப் போகிற கூட்டம் பஸ் நிலையத்தை அடைத்துக்கொண்டு நின்றது. இருந்தாலும் டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரம் எனக்குக் கிடைத்துவிட்டது. கிடைக்காமல் போகாது. இந்த ரோட்டில் பஸ் ஓட்டுகிறவர்களில் என் கடை மரக்கறி சாப்பிடாதவர் ஒருவரும் இல்லை. நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கூடை சுமந்து விற்றவன். இன்று டிக்கோயா ரோட்டில் இரண்டு ஏக்கர் தோட்டமும் ஹட்டன் பசாரில் கடையும் என் பெயரில் இருக்கின்றன. இதை யார் சொல்லியும் நான் செய்யவில்லை.

மடியில் ஒரு வெங்காயச் சாக்கை மடித்து வைத்திருந்தேன். கண்டக்டர் பியசேன சிங்களவர், ஆனால் என்னைவிடச் சுத்தமாகத் தமிழ் பேசுவார்.

"என்ன மொதலாளி, வெறுஞ் சாக்கோட பயணம்?"

"திரும்பி வரும்போது பாருங்க. நுவரெலியா கண்காட்சியில மொதப் பரிசு வாங்கப்போற மிளகாய் இதுக்குள்ள இருக்கும்."

"போன வருசமும் இதத்தான் சொன்னீங்க."

பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் நோர்வூட்டில் பஸ் மாறப்போகிற சிங்கள யாத்திரைக்காரர்கள், தமிழ் தெரியாது.

வாசகருக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கறிமிளகாய் ஒரு சாண் நீளம், நல்ல சதை, ஆனால் காரம் என்பதே கிடையாது. கொச்சிக்காய் நகத்தளவுதான். வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும். கடித்தால் கண்ணில் நெருப்பு. அதன் உடம்பில் இதன் நெருப்பை ஏற்ற வேண்டும் என்று மூன்று வருடத்துக்கு முன் எனக்கு ஆசை வந்தது. ஒரு பங்களாத் தோட்டக்காரர் வழி காட்டினார். கறிமிளகாய் மொட்டு விரியுமுன் அதன் மகரந்தத் தூள்பைகளைக் கிள்ளிவிட்டு, கொச்சிப் பூவின் தூளைக் கோழிச் சிறகால் வைத்து, காகிதக் குல்லா போட்டு மூடினேன். அந்தக் காயின் விதையில் நாற்பது செடி வந்தது. நாற்பதும் ஒரே அச்சு. காரம் இருந்தது, ஆனால் எல்லாம் பொடிக் காய், எல்லாம் தலைகீழாகத் தொங்கின. ஒன்றுகூட நிமிர்ந்து நிற்கவில்லை, ஒன்றுகூடப் பெரிதாக இல்லை. எனக்குக் கோபம் வந்தது. மண்வெட்டி போட்டேன்.

அன்றைக்குத் தோட்டத்துக்கே மரக்கறி வாங்க வந்திருந்த பாக்கியம் என்கிற பொகவந்தலாவைப் பெண், தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள், "தூக்கிப் போடுறதுதானே, எனக்குத் தாங்க" என்று நான்கு செடியை வேரோடு கொண்டுபோனாள். போன வாரம் வந்தவள் சொன்னாள்: "ஒங்க மிளகா பிள்ள பெத்துருச்சுங்க மொதலாளி. ஒண்ணு பெருசாவும் இருக்கு, காரமாவும் இருக்கு. வந்து பாருங்க." நான் பஸ் ஏறிய அன்று கண்காட்சிக்கு ஆறு நாள்தான் இருந்தது. என் மிளகாய் கண்காட்சித் தட்டில் இருக்கும் என்று பசார் முழுக்கச் சொல்லிவிட்டேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தான் இந்தப் பயணம்.

எட்டு மணிக்கு நோர்வூட். பால் இல்லாத பிளேன்டி பத்துச் சதம், ருசி சுமார். அதற்கு அப்பால் ரோடு வளைந்து வளைந்து போய்த் திடீரென்று பள்ளத்தாக்கு திறக்கிறது. சுற்றிலும் மலை, நடுவில் தட்டையான பூமி, எங்கு பார்த்தாலும் தேயிலை. ஊட்டியைப் பார்த்தவர்கள்கூட இதைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்வார்கள். நான் ஊட்டியைப் பார்த்ததில்லை.

எட்டே முக்காலுக்கு பொகவந்தலாவை பசாரில் இறங்கி ஒன்றரை மைல் ஏறினேன். ஞாயிறு என்பதால் லயத்தில் எல்லோரும் இருந்தார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் பத்துக் காம்பரா லயம், ஒரு காம்பராவில் ஒரு குடும்பம். ஒவ்வொரு காம்பராவுக்கும் பின்னால் பாய் விரித்த அளவுக்கு ஒரு தோட்டம். பாக்கியம் தன் நான்கு செடியில் விதை எடுத்து, நாற்று விட்டு, காம்பராவுக்கு ஆறாகக் கொடுத்திருந்தாள். ஆக மொத்தம் அறுபது செடி. அறுபதும் அறுபது விதம். ஒன்று தொங்கியது, ஒன்று நிமிர்ந்து நின்றது. ஒன்று உருண்டை, ஒன்று ஊசி.

"இவ குடுத்த நாத்துல எனக்கு ரெண்டு செடி காரமே இல்லைங்க," என்றாள் பக்கத்துக் காம்பராக்காரி. "தெரியாம சம்பல் இடிச்சு வச்சேன். எங்க வீட்டுக்காரர் வெல்லம் போட்டியான்னு கேட்டாரு."

"எங்க வீட்டுல ரொட்டியத் தொட்டுத் தின்னவர் தண்ணி குடிக்கப் பீலியடிக்கு ஓடுனாரு," என்றது அடுத்த காம்பரா.

பாக்கியம் எண்ணியே வைத்திருந்தாள். "நாலு செடிக்கு ஒண்ணு காரமில்லாம வந்துச்சுங்க. நிமுந்து நிக்கிறதும் அதே கணக்குத்தான். மொதத் தடவ ஒளிஞ்சிருந்தது ரெண்டாந் தடவ வெளிய வந்துருச்சு. நீங்க பாக்காம வெட்டிட்டீங்க."

பெரிதும் காரமுமான அந்தச் செடி எது என்று கேட்டேன். மூச்சு வாங்கியது, ஏற்றம்.

அந்த ஒரு செடி கடைசி மூலையில் நின்றது. ஆறு காய். கறிமிளகாய் அளவு என்று பொய் சொல்ல மாட்டேன், முக்கால் அளவு. ஒன்று சிவந்திருந்தது, ஐந்து பச்சை. அதில் ஒன்றின் முனையைக் கிள்ளி நாக்கில் வைத்தேன். கண்ணில் நீர் கொட்ட நானும் பீலியடியைத் தேடினேன். லயத்தார் அதிசயப்பட்டிருப்பார்கள்.

கண்காட்சித் தட்டுக்கு ஐந்து காய் வேண்டும், அது சட்டம். கத்தியை எடுத்தேன்.

"எடுத்துக்கங்க," என்றாள் பாக்கியம். "நீங்க செஞ்ச செடிதானே."

"அஞ்சு போனா ஒண்ணு இருக்குமே தங்கச்சி, வெதைக்கு?"

"இருக்கும். அணில் விட்டா." பிறகு மெதுவாகச் சொன்னாள்: "ஆனா இதோட பிள்ளைகளும் ஒண்ணு போல வராதுங்க. இதுக்குள்ளயும் பொடியும் இனிப்பும் ஒளிஞ்சிருக்கலாம். நெறைய வெதைக்கணும், நெறையப் பிடுங்கணும். அதுக்கு ஆறும் பழுத்தா நல்லது. பச்சையில பிடுங்குனா வெத முளைக்காதுங்க."

கூடை சுமந்த நாளிலிருந்து நான் கை நீட்டியதை எடுக்காமல் விட்டதில்லை. கத்தியைப் பிடித்துக்கொண்டு அந்தச் செடிக்கு முன்னால் குந்தியிருந்தேன். தட்டில் வைத்தால் பரிசு நிச்சயம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கடைசி நாள் வரை தட்டிலிருந்து எடுக்க விடமாட்டார்கள், நடுவர் வெட்டிப் பார்ப்பார், பிறகு குப்பை. அவள் எடுத்தது போக முப்பத்தாறு செடியை நான் வெட்டியது ஞாபகத்துக்கு வந்தது. அதற்குள் என்னென்ன ஒளிந்திருந்ததோ.

கத்தியை மடக்கி வைத்தேன். வெங்காயச் சாக்கு இழை அகன்றது, வெளிச்சம் போகும், அணில் போகாது. நான்கு குச்சி நட்டு அதைச் செடிமேல் போர்த்தி, அடியில் கல் வைத்தேன். விதை எடுத்ததும் பாதி அவளுக்கு, பாதி எனக்கு என்று பேசிக்கொண்டோம். பேர் என்ன வைப்பது என்று பக்கத்துக் காம்பராக்காரி கேட்டாள். என் பேரைத்தான் வைக்க வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்து வந்திருந்தேன். "பாக்கியம் மிளகாய்னு வைங்க" என்றது என் வாய்தான். பாக்கியம் சுவரோரம் கிடந்த கொழுந்துக் கூடையின் கயிற்றைச் சரிசெய்கிறவள்போலக் குனிந்துகொண்டாள்.

பகல் இரண்டு மணி பஸ். ஹட்டனில் என் தோட்டத்தில் ஒவ்வொரு பாத்தியும் ஒரே உயரம், ஒரே நிறம், பார்க்கிறவர்கள் பாராட்டுவார்கள். அதுதான் தோட்டம் என்று இருபது வருடம் நினைத்திருந்தேன். அன்றைக்கு அந்தப் பாயளவு நிலங்கள் என் இரண்டு ஏக்கரைவிடப் பெரிதாகத் தெரிந்தன.

அதே பஸ், அதே பியசேன. என் இரண்டு கையையும் பார்த்தார்.

"மிளகாய் எங்க மொதலாளி?"

"செடியில."

"சாக்கையும் காணோமே?"

"அதுவும் செடியிலதான்."

பஸ் முழுக்கச் சிரித்தது. இந்தத் தடவை எல்லோருக்கும் முந்திச் சிரித்தவன் நான்.