பதினாறு வயதுக் குரல்

அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. குரலுக்கு மட்டும் பதினாறைத் தாண்ட மனம் வரவில்லை. தொலைபேசியை எடுத்தால் எதிர்முனையில் இருப்பவர், வீட்டில் பெரியவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்பார். ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்லோருக்கும் அவள் 'பாப்பா'.

ஒலிநூல்களைப் படித்துப் பதிவு செய்வது அவள் தொழில். சில ஆண்டுகளாக இளசுகளுக்கான கதைகளாகவே வந்துகொண்டிருந்தன, எல்லாம் ஒரே அச்சில். பாழாய்ப்போன ஒரு வருங்காலம், ஊரைச் சுற்றி மதில், மேலே ஒரு கொடுங்கோலன். பிள்ளைகளைத் தரம் பிரித்து அடைத்து வைக்கும் அந்த அரசை ஒரு பதினாறு வயதுப் பெண் தவிடுபொடியாக்குவாள். நாடகம்போல ஆளுக்கொரு பாத்திரமாகப் படிப்பார்கள்; அந்தப் பெண்களுக்கெல்லாம் குரல் பாப்பாவுடையது.

கண்ணாடி அறைக்குள் நின்று, "கதவைத் திறங்க, இல்லைன்னா நாங்களே திறப்போம்" என்று சொல்லும்போது அவளுக்கு உள்ளங்கால் வரை சூடேறும். வீட்டுக்கு வந்தாலும் அது தணியாது. உட்கார்ந்தால் எழத் தோன்றும், எழுந்தால் எங்கே போவதென்று தெரியாது. துணி மடிப்பதைக்கூட யாரோடோ மல்லுக்கட்டுவதுபோலத்தான் செய்வாள். நிஜத்தில் அவள் யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

பள்ளி இறுதியாண்டில் இருந்த மகளுக்கு இந்தக் கதைகள் என்றால் உயிர். அம்மாவின் குரல் என்பதைத் தோழிகளிடம் மூச்சுவிடவில்லை. அப்படி என்னதான் இருக்கிறது இதில் என்று பாப்பா ஒருநாள் கேட்டாள்.

"அந்தப் பொண்ணுக்கு யாரை எதிர்க்கணும்னு தெரியுதும்மா. எனக்கு அடுத்து என்ன படிக்கிறதுன்னே தெரியல."

பாப்பாவால் அதை மறுக்க முடியவில்லை. ஆனால் இந்தக் கதைகள்மீது அவளுக்குச் சில குறைகள் இருந்தன. கெட்டவன் கெட்டவன்தான் என்பது அவன் முதல்முறை தொண்டையைச் செருமும்போதே தெரிந்துவிடும். நாயகியின் அம்மா இரண்டாம் அத்தியாயத்தைத் தாண்டமாட்டாள். மதில் விழும், இரண்டு பையன்களில் ஒருவன் கையைப் பிடிப்பாள், கதை முடிந்துவிடும். மறுநாள் காலையில் குழாயில் தண்ணீர் விடுவது யார், ஆஸ்பத்திரியைத் திறப்பது யார் என்று ஒரு வரி இருக்காது.

அப்படியொரு தொடரின் கடைசி பாகம் தொடங்கவிருந்த சமயத்தில் மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். ஒரு வாரம் வந்து சம்பந்தமில்லாத வாக்கியங்களைப் படித்தால் போதும், இயந்திரம் அவள் குரலைக் கற்றுக்கொள்ளும், அப்புறம் புத்தகங்களை அதுவே படித்துவிடும் என்றார். மொத்தமாக ஒரு தொகை தருவார்களாம். இனி அலைச்சல் இல்லை, வீட்டில் நிம்மதியாக இருக்கலாம் என்றும் சொன்னார். கொடுங்கோலன் சாயலே இல்லாத மனிதர். அவளுக்குக் காய்ச்சல் கண்ட நாளில் தன் காரிலேயே வீட்டில் கொண்டுபோய் விட்டவர். அன்றைக்கு அவருக்குப் பல்வலி வேறு, கன்னத்தைப் பிடித்துக்கொண்டே பேசினார். கோபப்படத் தோதாக ஒரு முகம் கிடைக்காமல் பாப்பா தவித்துப்போனாள்.

ஒப்பந்தத்தை அவர் முகத்துக்கு நேரே கிழித்துப் போட்டுவிட்டு வரச் சொன்னாள் மகள்.

மறுநாள் பாப்பா போனாள். "என் குரலை உங்க சுவருக்குள்ள பூட்டி வைக்க முடியாது. அது வெளியில வந்தே தீரும்" என்று ஒரே மூச்சில் முழங்கினாள். முடித்த பிறகுதான் அது இரண்டாம் பாகத்தில் வரும் வசனம் என்று உறைத்தது. கண்ணாடிக்கு அப்பால் இருந்த ஒலிப்பதிவாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பிக்கொண்டார். மேனேஜர் சிரிக்கவில்லை. பிரமாதமாக இருக்கிறது, இதே வேகத்தில் பதிவு செய்துவிடலாம் என்றார் மனதார.

பாப்பாவுக்கு முகம் சிவந்தது. பிறகு சின்னக் குரலில் சொன்னாள்.

"நான் கையெழுத்துப் போடல சார். அடுத்து என்ன பண்றதுன்னு தெரியல. ஆனா போடல."

அவ்வளவுதான், வேலை நின்றது. கடைசி பாகத்துக்கு, நாயகியின் தோழிகளுக்குக் குரல் கொடுத்துவந்த சின்னப் பெண் ஒருத்தி கையெழுத்துப் போட்டுவிட்டாள். பாப்பா தொலைபேசியில் கேட்டபோது, "எனக்கு வேற வழி தெரியலக்கா" என்று அழுதாள். அவளையும் வெறுக்க முடியவில்லை.

அடுத்து குரல் கொடுப்பவர்கள் எல்லோரும் திரண்டு வருவார்கள் என்று மகள் காத்திருந்தாள். யாரும் வரவில்லை. பாப்பாதான் ஒவ்வொருவராகத் தேடிப் போனாள். சிலர் போனை எடுக்கவில்லை, சிலர் எடுத்து மழையைப் பற்றிப் பேசினார்கள். ஒரு டீக்கடையில் ஐந்தாறு பேர் கூடி, யார் போய்ப் பேசுவது என்ற வாக்குவாதத்திலேயே கலைந்தார்கள். இரண்டாவது முறை கூடியபோதுதான், ஒரு புத்தகத்துக்குக் கொடுத்த குரலை அந்தப் புத்தகத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று கேட்க முடிவாயிற்று. கம்பெனி பார்க்கலாம் என்றது. இன்றுவரை பார்த்துக்கொண்டிருக்கிறது. இடையில் பாப்பா கார்ட்டூன் அணில்களுக்குக் குரல் கொடுத்துக் காலம் தள்ளுகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை, கொடுங்கோலர்களுக்கெல்லாம் குரல் கொடுக்கும் மனிதரைப் பார்க்கப் போனாள். மகளும் தொற்றிக்கொண்டாள். கதவைத் திறந்தவர் ஒடிசலான ஆள். கையில் பூவாளி. உள்ளே மனைவி தூங்குகிறாள் என்று கிசுகிசுத்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, யோசித்துச் சொல்வதாக அனுப்பிவைத்தார்.

பஸ் நிறுத்தத்தில் மகள் கேட்டாள், "இவரு நம்ம பக்கமா, அவங்க பக்கமா?"

"அவருக்கே தெரியல. அடுத்த வாரம் மறுபடி வரணும்."

"இப்படியே எத்தனை பேரைம்மா?"

பஸ் வருகிற வழியாகத் தெரியவில்லை. பாப்பாவால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. அடுத்த நிறுத்தம் வரைக்கும் நடக்கலாம் என்று கிளம்பினாள். வெயிலைத் திட்டிக்கொண்டே மகளும் பின்னால் வந்தாள்.