திரையில் தெரிந்த என் குரல்

காதுக்குள் யாரோ பேசுவதாக மகள் அழும்போதெல்லாம், "பள்ளிக்கூடத்து ஏ.எல். பரீட்சைக்குப் பயந்து நடிக்காத!" என்று ஏசுவேன். பிறகுதான் டாக்டர் மனச்சிதைவு நோய் என்றார்.

கண்டியில் அதை ஆராயும் ஒரு பெண், எங்கள் இருவர் தலையிலும் வயர்கள் தொங்கும் தொப்பி மாட்டினார். நான் பேசும்போது திரையில் என் மூளையின் அலை சின்னதாக எழுந்தது. அதே பேச்சைப் பதிந்து எனக்கே போட்டுக் காட்டியதும் பெரிய அலை. மகளுக்கு இரண்டு தடவையும் பெரிதுதான்.

"நாம பேசுறப்போ, இது நம்ம குரல்தான்னு மூளை தானாவே அடங்கிக்கும் ஐயா. அது நடக்காட்டி, சொந்த நினைப்பே வேற ஆள் குரலாக் கேட்கலாம்" என்றார் அந்தப் பெண்.

ஐம்பது வருஷமாக என் தலைக்குள் இப்படியொரு அதிசயமா!

வீடு திரும்பும்போது, கடுகண்ணாவை ஊருக்குப் போகும் பஸ்ஸில், முதன்முறையாக மகளிடம் கேட்டேன். "அந்தக் குரல் என்னம்மா சொல்லுது?"

"நடிக்காதன்னு சொல்லுதுப்பா."