கோணலாக நின்ற திரை

1968 மே மாத டைரியில் எழுதியிருக்கிறேன்: "எதிர்வீட்டு வாத்தியார் இன்றும் நம் ஜன்னலையே பார்த்தார்."

காரைக்குடிக்கு நாங்கள் குடிவந்த புதிது அது. ஏழு மாதக் கர்ப்பிணியான என் மனைவி பகலில் தனியாக இருப்பாள். அதனால் கயிற்றை இழுத்தால் மடிப்பு மடிப்பாக மேலேறும் துணித்திரை தைக்கக் கொடுத்தேன். அவள் மெல்லிய மல் துணி கேட்டாள். நான் நிழல்கூடத் தெரியாத கித்தானை எடுத்தேன்.

"காத்தே வராதுங்க."

"கண்ணும் வராது," என்றேன்.

ஒருநாள் மாலை அலுவலகத்துக்கு ஆள் வந்து சொல்ல, வீட்டுக்கு ஓடினேன். மனைவி தெளிந்து படுத்திருந்தாள். வாத்தியாரின் மனைவி விசிறிக்கொண்டிருந்தார். திரையை ஏற்றும்போது மயங்கி, கயிற்றைப் பிடித்தபடியே விழுந்திருக்கிறாள்.

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?" என்றேன் வாசலில் நின்ற வாத்தியாரிடம். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"வெயில் தாழ தெனமும் திரை நேரா ஏறும். இன்னைக்கு ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் தொங்குச்சு. புள்ளத்தாச்சி தனியா இருக்கேன்னு இவளக் கூட்டிக்கிட்டு ஓடியாந்தேன்."

"ரிட்டையர் ஆன மனுசனுக்கு வேற என்ன சோலி? தெருவுக்கே ஆஜர் எடுக்கிறாக," என்றார் அந்த அம்மாள்.

அன்று இரு உயிர்கள் பிழைத்தன. திரை வருவதற்கு முன்பும் அவர் அந்த அக்கறையில்தான் பார்த்தாரா? கேட்க எனக்கு வாய் வரவில்லை. அது மட்டும் இன்றுவரை உறுதியாகவில்லை.