முப்பத்தொன்றாவது வரி

அந்தக் கட்டடத்தைத் தாண்டும்போது ஸ்கூட்டியின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிவிடுவேன். காவல் நிலையமும் நீதிமன்றமும் ஒரே கூரையின் கீழ் வந்த கட்டடம் அது. அதில் என்னென்ன அறைகள், எது எவ்வளவு பெரியது என்று பட்டியல் போட்டவள் நான்.

கட்டடக்கலை படித்துவிட்டு, புதுச்சேரியில் ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். வரைபடம் போடுவதற்கு முன் இடத்தேவைப் பட்டியல் தயாராக வேண்டும். யார் எங்கே உட்காருகிறார்கள், எத்தனை பேர், ஒருவருக்கு எத்தனை சதுர மீட்டர். வெளியூர் போனால் பையில் இருப்பதைக்கூட எழுதி வைத்துக்கொள்கிறவள் என்பதால் அந்த வேலை என்னிடம் வந்தது.

பழைய நிலையம் பிரெஞ்சுக்காரர் காலத்து வீடு ஒன்றில் இருந்தது. பக்கத்துத் தெருவில் கோர்ட். மூன்று நாள் டேப்பும் நோட்டுமாக அலைந்தேன். காவலர்கள் வந்தும் போயும் இருந்ததால் தலைகளை எண்ண முடியவில்லை. ஓய்வறைச் சுவரில் ஆணிகளில் சிவப்புத் தொப்பிகள் தொங்கின. அவற்றை எண்ணிவிட்டால் ஆள் கணக்கு வந்துவிடும் என்று தோன்றியது. என் கெட்டிக்காரத்தனத்தில் எனக்கே பெருமை.

“இன்னா மேடம், தொப்பிய எண்றீங்களா?” வாசலில் நின்ற பெண் காவலர் கேட்டார். நாற்பது வயதிருக்கும். பாகூர் பக்கத்து விவசாயக் குடும்பம் என்று பிறகு சொன்னார். “எங்க தொப்பி அதுல இல்லியே.”

“நீங்க எங்க மாட்டுவீங்க?”

“தலையிலதான். கழட்டி வெக்க இடம் வேணுமில்ல?”

பெண் கைதிகளைக் கோர்ட்டுக்கு அழைத்து வருவது அவரைப் போன்ற பெண் காவலர்களின் வேலை. பெயர் கூப்பிடும்வரை, சில நாள் சாயங்காலம்வரை, வராண்டாவிலேயே நிற்க வேண்டும். நிலையத்தில் கேட்டேன், அவர்கள் கோர்ட் டூட்டி என்றார்கள். கோர்ட்டில் கேட்டேன், அவர்கள் போலீஸ் ஆட்கள் என்றார்கள். இரண்டு கணக்கிலும் அவர்கள் இல்லை.

மத்தியானம் நான் கழிப்பறை எங்கே என்று கேட்கத் தயங்கி நின்றதைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது. “வாங்க” என்று பின்சந்துக்கு அழைத்துப் போனார். வைத்திக்குப்பத்தில் மீன் வாங்கி விற்கும் ஓர் அம்மாவின் வீடு. அந்த அம்மா காலையிலேயே கூடையோடு கிளம்பிவிடுவார். சாவி ஜன்னல் இடுக்கில் இருக்கும்.

“கைதியையும் இங்கதான் கூட்டியாருவோம். ஓடிட்டா எங்க வேல போச்சு” என்று சிரித்தார். “போய்ட்டு வந்து ரெண்டு வாளி தண்ணி ரொப்பி வெச்சிடணும். இந்த ஊட்டு சட்டம் அது.”

போய் வந்தேன். தெருக்குழாயில் இருவரும் ஆளுக்கொரு வாளி பிடித்து வைத்தோம்.

திரும்பும்போது கேட்டார். “புதுசுல எங்களுக்கு ஒரு ரூம் எழுதிக்குங்க மேடம். பெருசா வேணாம். உள்பக்கம் தாப்பா இருந்தா போதும்.”

அங்கேயே எழுதிக் காட்டினேன். வரிசை எண் முப்பத்தொன்று: பெண் காவலர் ஓய்வறை, கழிப்பறையுடன். அவர் அதை ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். இன்னொரு காவலரைக் கூப்பிட்டு, “நீயும் பாருடி” என்று காட்டினார்.

பட்டியலில் கடைசிப் பத்தி கையெழுத்துக்கானது. ஒவ்வொரு பிரிவின் தலைவரும் தம் தேவைக்கு எதிரே கையெழுத்துப் போட வேண்டும் என்பது முறை. கைப்பற்றிய பொருட்களின் அறைக்குக் கையெழுத்து இருந்தது. ஜீப் கொட்டகைக்கும் இருந்தது. முப்பத்தொன்றுக்கு எதிரே காலி. அவர்களுக்குப் பிரிவும் இல்லை, தலைவரும் இல்லை.

மொத்தப் பரப்பு அனுமதித்த அளவைத் தாண்டிவிட்டதால் குறைப்பதற்கு ஒரு கூட்டம் போட்டார்கள். தலைமை தாங்கிய அதிகாரி வரிவரியாக வந்து அந்த இடத்தில் நின்றார்.

“இது யார் கேட்டது?”

அதட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அறையில் நான் ஒருத்திதான் பெண். பதில் சொல்வதென்றால் மீன்காரம்மா வீட்டையும் வாளியையும் சொல்ல வேண்டும். நானும் அங்கே போனேன் என்று சொல்ல வேண்டும். இத்தனை ஆண்கள் முன்னால் அந்தப் பேச்சை எடுக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

“யாரும் எழுத்துல கேக்கல சார்” என்றேன்.

“அப்ப எடுத்துடலாம்.”

‘எழுத்துல’ என்று சேர்த்துக்கொண்டதால் அது பொய்யில்லை என்று அன்று சாயங்காலம்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அலுவலகத்தில் உட்கார்ந்து அந்த வரியை நீக்கினேன். நடுவில் ஓர் எண் விடுபட்டுத் தெரியக் கூடாதென்று கீழே இருந்தவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக மேலே ஏற்றினேன். முப்பத்தொன்று ஜெனரேட்டர் அறையாகிவிட்டது. அதை யாரும் செய்யச் சொல்லவில்லை. பட்டியல் சுத்தமாக இருக்கிறது என்று மறுநாள் என் மேலாளர் பாராட்டினார்.

கட்டடம் திறந்து முதல் மழைக்காலத்தில், மாடியில் ஒழுகுகிறது என்று பார்க்கப் போனேன். கீழ் வராண்டாவில் அவர் நின்றிருந்தார். பக்கத்தில் ஒரு கைதிப் பெண். என்னை அடையாளம் தெரிந்து சிரித்தார்.

“பெருசா கட்டிட்டீங்க மேடம்.”

அவரே தொடர்ந்தார். “நீங்க எழுதினத நான் கண்ணால பாத்தேன். மேல எவனோ அடிச்சிட்டான். நீங்க இன்னா பண்ணுவீங்க, பாவம்.”

நான்தான் அடித்தேன் என்று சொல்லியிருக்கலாம். இரண்டே சொற்கள்.

“ஆமாக்கா” என்றேன்.

“போவணும்னா சொல்லுங்க. அந்த ஊடு இப்ப நாலு தெரு தள்ளி. நாங்க இப்பதான் கெளம்பறோம்.”

“வேணாங்க்கா.”

மாடியில் அலுவலகப் பெண்களுக்கென்று ஒரு கழிப்பறை இருந்தது. கைதியோடு வரும் காவலர்கள் மாடிக்குப் போகக் கூடாது. அந்தக் கழிப்பறையின் சாவியைக் காலையிலேயே என்னிடம் கொடுத்திருந்தார்கள். அது என் கைப்பையில் இருந்தது.

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கைதிப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்தபடி தூறலில் இறங்கினார். தண்ணீர் யார் பிடிப்பது என்று இருவரும் பேசிக்கொண்டே தெருவைக் கடந்தார்கள்.