மணி அடிக்காத கடிகாரம்

அலாரம் அடித்தது. அணைக்கக் கையை நீட்டினேன். அடுத்து எனக்குத் தெரிந்தது, தரையில் கிடந்த என் கன்னமும் உள்ளங்கையில் திணிக்கப்பட்டிருந்த இரும்புச் சாவிக்கொத்தும்தான்.

வலிப்பு என்றார்கள். அதற்குப் பிறகும் சில காலைகளில் விழுந்தேன். ஒவ்வொரு முறையும் சாவிக்கொத்து. பூட்டு ஒன்றைத்தான் கொடுக்கவில்லை. வலிப்பு மாத்திரைகளுக்கும் பலன் இல்லை. அலாரம் அடிக்கும்போதுதான் விழுகிறேன் என்பது யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

கடைசியில் வேலூரில் ஓர் இதய மருத்துவர், ஈ.சி.ஜி.யை (இதயத்தின் மின்னோட்டத்தைத் தாளில் வரையும் சோதனை) பார்த்துவிட்டு, "காலையில எப்படி எழுந்திருப்பீங்க?" என்று கேட்டார்.

"அலாரம் வெச்சுத்தான் சார். ஆபீசுக்குப் போகணுமே."

"மொதல்ல அதத் தூக்கிப் போடுங்க."

எனக்கு இருந்தது நீள் க்யூ.டி. குறைபாடு (ஒரு துடிப்புக்குப் பின் அடுத்ததற்குத் தயாராக இதயம் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்வது). தூக்கத்தில் திடீர்ச் சத்தம் கேட்டால் துடிப்பு தாறுமாறாகி மயக்கம் வரும். "தெளியாமலும் போகலாம்" என்று என் கணவரைப் பார்த்துச் சொன்னார். பீட்டா பிளாக்கர் (அதிர்ச்சியில் இதயம் தறிகெட்டு ஓடாமல் காக்கும் மாத்திரை) எழுதித் தந்தார். படுக்கையறையில் அலாரமோ தொலைபேசியோ கூடாது. தூங்கும்போது யாரும் கத்திக் கூப்பிடக் கூடாது.

வேங்கிக்காலில் எங்கள் வீட்டில் கணவர் அழைப்பு மணியின் கம்பியைப் பிடுங்கினார். எனக்கு எரிச்சலாக இருந்தது. பயமும் இருந்தது. ஏதாவது என்னை எழுப்புவதற்கு முன் நானே எழுந்துவிட வேண்டும் என்று அரைத் தூக்கத்திலேயே கிடந்தேன். பகலில் கலெக்டர் ஆபீசில் தட்டச்சு இயந்திரத்தின் மேலேயே கண் சொக்கியது.

கணவர் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகை அறை பிடித்துக் கொடுப்பவர். ஊர் திரும்பிய ஒரு பெண்மணி அவரிடம் ஒரு விளக்குக் கடிகாரத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். குளிர்காலத்தில் அவர்கள் ஊரில் லேசில் விடியாதாம். குறித்த நேரத்துக்கு முன்பே விளக்கு மங்கலாக எரியத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரகாசமாகும். முடிவில் ஒலிக்கும் மணியை எப்படி நிறுத்துவது என்றும் அவர் காட்டியிருந்தார்.

முதல் காலை, கண்ணிமைக்குள் செம்மண் நிறம் பரவியது. விழித்தேன். நெஞ்சு அதன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நெடுநாளைக்குப் பிறகு அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

சில வாரங்கள் கழித்து, போளூரில் தன் மகள் வீட்டில் இருந்த மாமியார் திரும்பி வந்தார். மறுநாள் நான் கண் விழித்தபோது வெயில் சுவரில் ஏறியிருந்தது. விளக்கு எரியவில்லை. கணவர் கதவருகே நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் மாமியார், முந்தானையால் வாயைப் பொத்தியபடி.

"ஏங்க, எழுப்பியிருக்கலாம் இல்ல?"

"எழுப்பினா ஏதாச்சும் ஆயிடுமோனு பயம். எழுப்பலைன்னாலும் பயம். மூச்சு வருதானு பாத்துட்டே நின்னேன்."

மாமியார் அழுதார். "கோலம் போட எழுந்தப்போ ஒன் ரூம்ல லைட்டு எரிஞ்சுதும்மா. அணைக்காம தூங்கிட்டே, கரண்டு வீணாவுதேனு சுவிட்ச நிறுத்திட்டேன்."

சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றது. பயம் எனக்கு மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அடுத்த முறை மருத்துவரிடம் கேட்டோம். பாதத்தை மெதுவாகத் தொட்டு எழுப்பலாம் என்றார். படிப்பவர்களில் இதே நோய் உள்ளவர்கள் இருந்தால், வீட்டாரிடம் இதைச் சொல்லிவையுங்கள். விளக்கு மருந்தல்ல, மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

இப்போதெல்லாம் கண் திறந்ததும் துள்ளி எழுவதில்லை. உடம்பு முழுதாக வந்து சேரட்டும் என்று கொஞ்ச நேரம் படுத்திருக்கிறேன். பிறகு படுத்தபடியே, "எழுந்துட்டேன்" என்று உரக்கச் சொல்கிறேன். அதற்குப் பிறகுதான் மாமியார் மிக்சியைப் போடுவார். வீடே அதிரும். கேட்கக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.